கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு ஓடும் கடிகாரம்

போன கிழமை பழைய மாணவர் ஒருவர் தனது சுயவிபரக் கோவையை அனுப்பியிருந்தார். 2009 இல் மெனிக்பாம் முகாமில் இருந்த பிள்ளை. சாதாரண தரமும் பல்கலைக்கழகமும் பிந்தி, அவுஸ்திரேலியாவில் கலாநிதிப் பட்டம் முடிக்கும்போது வயது 31. "சேர், இந்த வயதில இனி ஆர் எடுக்கப் போகினம்?" என்று கீழே ஒரு வரி.

வயது இங்கே பிரச்சினையே இல்லை. பட்டத்துக்குப் பிந்திய ஆய்வுப் பதவிகளில் பெரும்பாலானவை பட்டம் பெற்ற நாளிலிருந்துதான் கணக்கிடுகின்றன. ஜேர்மனியின் ஹம்போல்ட் மன்றத்தில் 4 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி திட்டத்தில் பட்டத்துக்குப் பிந்திய ஆய்வு அனுபவம் 8 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. ஆய்வுக்கு வெளியே கழிந்த காலம் அதில் சேராது. யுத்தம் தின்ற ஆண்டுகளை யாரும் கேட்கப்போவதில்லை.

ஆனால் போட்டி கூடிவிட்டது. அமெரிக்காவில் ஆய்வு நிதி வெட்டப்பட்டதோடு, 2025 செப்டெம்பரில் வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான புதிய எச்-1பி விசாவுக்கு 100,000 டொலர் கட்டணமும் அறிவிக்கப்பட்டது. அங்கே போகவேண்டியவர்களில் பலர் ஐரோப்பாவின் பக்கம் திரும்பினார்கள். மேரி கியூரி திட்டத்துக்கு 2024 இல் 10,000 இற்கும் சற்று அதிகமாக வந்த விண்ணப்பங்கள், 2025 இல் 17,000 ஐத் தாண்டின.

இவருக்கு இன்னொரு சிக்கல். இங்குள்ள பல்கலைக்கழகமொன்றிலிருந்து படிப்பு விடுமுறையில் போனவர். திரும்பிவந்து கடமையாற்றுவதாக ஒப்பந்தம். பிணைக்குக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் தாய்மாமன். திரும்பாவிட்டால் மாமனின் தலையில் விடியும். திரும்பினால், ஒப்பந்தக் காலம் முடியுமுன்பே அந்த 4 ஆண்டுகள் போய்விடும். இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்க நமது நிர்வாகங்களுக்கு இன்னும் மனமில்லை. பிறகு ஆட்கள் ஓடிவிட்டார்கள் என்று புலம்புவோம்.

நான் வரச்சொன்னேன். ஹம்போல்ட்டில் அனுபவமுள்ள ஆய்வாளர்களுக்கு வேறொரு பிரிவு உண்டு. பட்டம் பெற்று 12 ஆண்டுகள் வரை விண்ணப்பிக்கலாம். 6 முதல் 18 மாதங்களை மூன்று தடவையாகப் பிரித்தும் போய்வரலாம். வேலையை விடாமல், நீண்ட விடுமுறைகளில் போய்வரக்கூடிய வழி.

அவர் ஏற்கெனவே அறுபது பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பியிருந்தார். ஒரு பதிலும் இல்லை. வராதுதான். அந்தப் பேராசிரியரின் கட்டுரையை வாசித்து, அதில் விடுபட்ட ஒன்றைத் தன்னால் செய்யமுடியும் என்று எழுதுபவருக்குத்தான் பதில் வரும். இவரது துறை நீர்ப் பொறியியல். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடிக்கிடக்கிறது. தோட்டத்துப் பசளையும் மலக்குழிக் கசிவும் நேரே கிணற்றுக்கு இறங்குகின்றன. இப்படியொரு களம் ஐரோப்பிய ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கு வாய்க்காது.

இப்போது ஐந்து பேருக்கு மட்டும் தனித்தனியாக எழுதுகிறார். முதற் கடிதத்தில் தன் வீட்டுக் கிணற்றைப் பற்றி இரண்டு பந்தி எழுதியிருந்தார். ஒன்றை வெட்டச் சொன்னேன்.