கயிற்றில் தொங்கும் துணிவு

அண்மைக் காலமாக நம் இலக்கிய இதழ்களில் புதுவகைப் பயணக் கட்டுரை ஒன்று பெருகி வருகிறது. அதன் அமைப்பு ஏறக்குறைய மாறுவதில்லை. கட்டுரையாளர் நியூசிலாந்துக்கோ மக்காவுக்கோ செல்கிறார். ஒரு பாலத்தின் அல்லது கோபுரத்தின் விளிம்பில் நிற்கிறார். கணுக்காலில் மீள்கயிறு கட்டப்பட்டிருக்கிறது. கீழே பார்க்கிறார், முழங்கால் நடுங்குகிறது, அம்மாவின் முகம் நினைவுக்கு வருகிறது. பிறகு குதிக்கிறார். அடுத்த இரண்டு பக்கங்களில் அவர் மரணத்தைத் தொட்டுத் திரும்புகிறார், அச்சத்தை வெல்கிறார், மறுபிறவி எடுக்கிறார், பெரும்பாலும் ஒரு சித்தர் பாடலும் அவர் நினைவுக்கு வந்துவிடுகிறது.

பஞ்சி ஜம்பிங் மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. ஒருவர் தம் பணத்தில் தமக்குப் பிடித்த விளையாட்டை விளையாடுவதைக் கேள்வி கேட்க நான் யார்? என் வழக்கு அதை எழுதப் பயன்படும் சொற்களோடுதான். துணிவு, மரணம், விடுதலை ஆகிய மூன்றும் தமிழில் மிகுந்த விலை கொடுத்துச் சேர்க்கப்பட்ட சொற்கள். அவற்றை நுழைவுச்சீட்டோடு சேர்த்து இலவசமாகக் கொடுப்பதைத் தமிழ் கற்பித்துப் பிழைக்கும் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

முதலில் இந்த விளையாட்டின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம், ஏனெனில் மேற்படிக் கட்டுரைகள் அதைப் பார்ப்பதே இல்லை. பசிபிக் பெருங்கடலில் வனுவாட்டு நாட்டைச் சேர்ந்த பெந்தெகொஸ்தே தீவின் தென்பகுதியில் 'நகோல்' என்றொரு சடங்கு உண்டு. மரங்களை வெட்டி இருபது முப்பது மீட்டர் உயரத்துக்குக் கோபுரம் கட்டி, கணுக்கால்களில் காட்டுக்கொடிகளைக் கட்டிக்கொண்டு ஆண்கள் தலைகீழாக மண்ணை நோக்கிக் குதிப்பார்கள். கொடியின் நீளம் அவரவர் உயரத்துக்கு ஏற்ப அளந்து வெட்டப்படும். தோளோ தலையோ மண்ணைத் தொட்டும் தொடாமலும் மீள வேண்டும். அவ்வாறு தொட்டால் அடுத்த பருவத்தில் வள்ளிக்கிழங்கு நன்றாக விளையும் என்பது அவர்களது நம்பிக்கை. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பருவத்தில்தான் குதிப்பு நடைபெறும். அப்போதுதான் கொடியில் தேவையான ஈரமும் இழுவையும் இருக்கும்.

இதைக் கேள்விப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு இளைஞர்கள் சிலர், ஆபத்தான விளையாட்டுகளுக்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தவர்கள், 1979 ஏப்ரல் 1 அன்று பிரிஸ்டல் நகரின் கிளிஃப்டன் தொங்குபாலத்திலிருந்து ரப்பர்க் கயிற்றில் குதித்தார்கள். காவல்துறை அவர்களைக் கைது செய்தது. 1987இல் ஏ. ஜே. ஹேக்கெட் என்ற நியூசிலாந்துக்காரர் பாரிஸின் ஈஃபெல் கோபுரத்திலிருந்து குதித்தார். அவரையும் கைது செய்தார்கள். மறு ஆண்டு, 1988 நவம்பரில், அவரும் ஹென்றி வான் ஆஷ் என்பவரும் குயின்ஸ்டவுன் அருகே கவராவ் ஆற்றுப் பாலத்தில் 43 மீட்டர் உயரத்தில் இதை வணிகமாகத் தொடங்கினார்கள். இன்று மக்காவ் கோபுரத்தில் 233 மீட்டரிலிருந்து குதிக்கலாம். நம் நாட்டிலும் ரிஷிகேஷ் அருகே 83 மீட்டர் மேடை ஒன்று உண்டு. குதிப்பவரின் எடையைப் பார்த்து அதற்கேற்ற கயிற்றைத் தெரிந்தெடுக்கிறார்கள், கட்டுகளை ஒன்றுக்கு இருமுறை சரிபார்க்கிறார்கள், ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். விபத்து நிகழ்ந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் விபத்து நிகழாதிருக்கும் என்ற உறுதியைத்தான் அங்கே விலைக்கு விற்கிறார்கள். சாவின் தோற்றத்தைச் சாவு இல்லாமல் தருவது என்ற ஏற்பாடு அது. அதை வாங்கியவர் சாவைச் சந்தித்ததாக எழுதுவது, திரையரங்கில் போர்ப்படம் பார்த்தவர் தன்னை முன்னாள் படைவீரன் என்று அறிமுகப்படுத்திக்கொள்வது போன்றது.

இந்த வரலாற்றில் இடையே நிகழ்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1974இல் பிரிட்டிஷ் அரசி இரண்டாம் எலிசபெத் அத்தீவுகளுக்கு வருகை தந்தார். அப்போது அவை நியூ ஹெப்ரிடீஸ் என்ற பெயரில் பிரிட்டன், பிரான்ஸ் இரண்டின் கூட்டாட்சியில் இருந்தன. அரசி காண்பதற்காக, பருவம் தவறிய பிப்ரவரி மாதத்தில் நகோல் நடத்தப்பட்டது. கொடிகளில் போதிய இழுவை இல்லை. குதித்தவர்களில் ஒருவரின் கொடிகள் அறுந்தன, முதுகெலும்பு முறிந்து அவர் பின்னர் இறந்துபோனார். விளைச்சலுக்காகக் குதித்துவந்த ஊரில் விருந்தாளிக்காகக் குதித்தவர் செத்தார்.

நான் தருமபுரிக்காரன். ஆகவே விருந்தாளிக்காகக் குதிப்பது என்றதும் எனக்குப் பெந்தெகொஸ்தே தீவு வரை போகத் தேவையில்லை, பென்னாகரம் தாண்டினால் போதும். ஒகேனக்கல் என்ற கன்னடப் பெயருக்குப் புகையும் கல் என்று பொருள். காவிரி பாறைகளைப் பிளந்துகொண்டு விழும் இடம். 'ரோஜா' படத்தின் பாடலில் அந்த அருவியைத் தமிழகம் முழுவதும் 1992இல் பார்த்தது. பரிசல், எண்ணெய் மசாஜ், மீன் வறுவல் ஆகியவற்றோடு அங்கே இன்னொன்றும் உண்டு. பரிசல் பாறை இடுக்கில் செல்லும்போது மேலே விளிம்பில் சிறுவர்கள் தோன்றிக் குதிக்கட்டுமா என்று கேட்பார்கள். காசு காட்டினால் குதிப்பார்கள். கயிறு கிடையாது.

2001ஆம் ஆண்டு, முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு தைமாத ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் நால்வருடன் அங்கே பரிசலில் சென்றேன். பதினோரு பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மேலே நின்றான். மூன்று மாடி உயரம் இருக்கலாம். "பத்து ரூபா குடுங்க சார், குதிக்கிறேன்" என்றான். நான்தான் நோட்டை எடுத்து உயர்த்திக் காட்டினேன். குதித்தான். நாங்கள் விளையாட்டாக எண்ணத் தொடங்கினோம். பத்து, பதினைந்து. இருபதைத் தாண்டியபோது எண்ணுவதை நிறுத்திவிட்டோம். பரிசல்காரர் மட்டும் பதற்றமின்றித் துடுப்பைப் பிடித்திருந்தார். எதிர்பாராத வேறொரு பாறையின் ஓரத்தில் தலை தெரிந்தது. நீந்தி வந்து பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டவனிடம், ஏனடா இவ்வளவு நேரம் என்று ஒருவன் கோபமாகக் கேட்டான். "சீக்கிரம் மேல வந்தா யாரும் காசு குடுக்க மாட்டாங்க சார்" என்றான் அவன். தலையை ஒருபுறம் சாய்த்துக் காதிலிருந்த நீரைத் தட்டி வெளியேற்றினான். ஈரக் கையால் நோட்டை வாங்கி வாயில் கவ்விக்கொண்டு மீண்டும் பாறையை நோக்கி நீந்தினான்.

அவனைப் பற்றி எந்தப் பயணக் கட்டுரையிலும் துணிவு என்ற சொல்லை நான் கண்டதில்லை. 'அபாயகரமான வேடிக்கை', 'படிக்க வேண்டிய வயதில்' என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். கயிறு கட்டிக் குதித்தால் ஆன்மிகம், கயிறில்லாமல் குதித்தால் சமூகப் பிரச்சினை. இந்தப் பாகுபாட்டைச் செய்வது எது? இரண்டு குதிப்புகளிலும் பணம் கைமாறுகிறது. ஒன்றில் குதிப்பவர் கொடுக்கிறார், மற்றொன்றில் குதிப்பவர் வாங்குகிறார். வேறுபாடு அவ்வளவே.

புறநானூற்றின் 243ஆம் பாடலை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. ஊன்றுகோலைப் பிடித்த முதியவர், பேச்சினூடே இருமல் குறுக்கிட, தம் இளமையை நினைக்கிறார். நீர்த்துறையில் தாழ்ந்திருந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் திகைக்க, ஆழமான மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்த காலம் அது. சில ஆண்டுகளுக்கு முன் இப்பாடலை நடத்தி முடித்ததும், எப்போதும் முதல் வரிசையில் வலப்புறமாகவே அமரும் மாணவன் ஒருவன் தயங்கி எழுந்தான். "நானும் மணல் எடுத்திருக்கேங்க ஐயா. கையில மணல் காட்டினா இன்னும் அஞ்சு ரூபா சேர்த்துக் குடுப்பாங்க" என்றான். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்து அமர்ந்தான். பிறகு தனியே பேசியபோதுதான் அந்த வலப்புற இருக்கையின் காரணம் தெரிந்தது. குதித்துக் குதித்து ஒரு காது கெட்டுப்போயிருந்தது.

துணிவாகத்தான் இருந்திருக்கிறாய் என்று அவனிடம் சொன்னேன். அவன் ஏற்கவில்லை. "துணிவெல்லாம் இல்லைங்க ஐயா. மொத நாள்தான் பயம். அப்புறம் எவ்வளவு சேர்ந்துச்சுன்னு கணக்குதான்" என்றான். அன்று எனக்கு ஒன்று புரிந்தது. அவனுடைய குதிப்புக்கு வீரம் என்று பெயர் சூட்டுவது நான் தப்பித்துக்கொள்வதற்கான இன்னொரு வழி. அது வேலை. காப்பீடு இல்லாத, கூலி நிலையற்ற, செவிப்பறையைத் தின்னும் வேலை. ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்து, மழை பொய்த்தால் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறும் மாவட்டத்தில், ஆற்றங்கரையில் பிறந்தவனுக்குக் கிடைத்த வேலை.

எதிர்வாதங்களை நான் அறியாதவன் அல்லன். குதிப்பவரின் அச்சம் உண்மையானதுதானே என்பார்கள். ஆம், உண்மையானதுதான். கயிறு இருப்பது மூளைக்குத் தெரியும், அடிவயிற்றுக்குத் தெரியாது. ஆனால் அச்சம் உண்மையாக இருப்பதால் மட்டும் அதைக் கடப்பது துணிவாகிவிடாது. இராட்டினத்தில் கத்துகிற குழந்தையின் அச்சமும் உண்மையானதே. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. நான்குமே நம்மை மீறிய, நாம் ஏற்பாடு செய்துகொள்ள இயலாத ஆற்றல்கள். பெருமிதத்துக்கும் நான்கு சொல்கிறார்: கல்வி, தறுகண், புகழ், கொடை. இவற்றில் ஒன்றேனும் கட்டணம் செலுத்திப் பெறக்கூடியதா என்று நண்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும். அஞ்சத்தக்கதற்கு அஞ்சாதிருப்பதை வள்ளுவர் அறியாமையின் கணக்கில் சேர்த்தார். அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சி, பிறகு அதை வென்றதாக அறிவிப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பார் என்று தெரியவில்லை.

தொடித்தலை விழுத்தண்டினாரும் தம் குதிப்பைத் தாமே சொல்லிக்கொள்ளவில்லையா என்று கேட்கலாம். சொன்னார். ஆனால் அவர் எதையும் வென்றதாகச் சொல்லவில்லை. அந்த இளமை எங்கே போயிற்று என்று கேட்டார். இழந்ததைப் பேசுவதற்கும் ஈட்டியதைக் காட்டுவதற்கும் உள்ள தொலைவு இலக்கியம் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டிய ஒன்றல்ல.

பொறாமை என்றும் சொல்வார்கள். இருக்கலாம். கடவுச்சீட்டே இல்லாத கல்லூரி ஆசிரியனுக்குப் பொறாமை இயல்பு. ஆனால் ஏ. கே. செட்டியாரும் காந்தி ஆவணப்படத்துக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்தவர்தான். தன்னை ஓரத்தில் நிறுத்திக்கொண்டு கண்டவற்றை எழுதினார். அவரைப் படிக்கும்போது எனக்குப் பொறாமை வருவதில்லை, நன்றிதான் வருகிறது.

எங்கள் மாவட்டத்தில் நடுகற்கள் மிகுதி. தருமபுரி அருங்காட்சியகத்துக்கு வந்தால் வரிசையாகக் காணலாம். கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போய் இறந்தவர்கள், ஊரைக் காக்க விழுந்தவர்கள். ஊர்தான் அவர்களுக்குக் கல் எடுத்தது. தனக்குத் தானே நடுகல் நட்டுக்கொண்டவன் ஒருவனும் அந்த வரிசையில் இல்லை. துணிவு என்ற சொல்லைப் பிறர் கொடுக்க வேண்டும், அதுவும் ஏதோ ஒன்றன் பொருட்டு உயிரைப் பணயம் வைத்தவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே இந்த மண் அந்தச் சொல்லுக்கு வைத்திருந்த விலை.

எனவே பயணம் செல்லும் நண்பர்களிடம் கேட்பது சிறியதுதான். குதியுங்கள், மகிழுங்கள், மகிழ்ந்தேன் என்றே எழுதுங்கள். அது நல்ல சொல், போதுமான சொல். ஒகேனக்கல்லுக்கு வந்தால் பரிசல்காரருக்குக் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள், கரையில் வறுத்த மீன் வாங்கித் தின்னுங்கள். பாறை விளிம்பில் எவனாவது நின்று கேட்டால் நோட்டை உயர்த்திக் காட்டாதீர்கள். அன்று காட்டியவன் நான். அவன் தலை நீருக்கு மேலே தெரியாதிருந்த அந்த நேரத்தில் எனக்கு வந்த அச்சத்தை இன்றுவரை நான் வெல்லவில்லை.