கைராசியா, காரணமா?

பாகு பதமாக வந்துவிட்டால் காய்ச்சினவனுக்குக் கைராசி என்றும், முறிந்துபோனால் கண்பட்டுவிட்டது என்றும் சொல்லுவது நம் ஜனங்களுக்கு வழக்கம். சர்க்கரை எவ்வளவு, சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று அளந்து பார்த்தால் ராசிக்கும் திருஷ்டிக்கும் அங்கு வேலையில்லை. இதே சங்கதிதான் தண்ணீரை வடிகட்டும் பாலிமர் சவ்வு செய்வதிலும் இருக்கிறது.

போலியோ வைரஸின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். அதைத் தடுக்கும் சவ்வில் துவாரங்கள் சிறியவையாக இருந்தால் மட்டும் போதாது. எல்லாம் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். ஆயிரம் துவாரம் சிறியதாயிருந்து பத்து பெரியதாயிருந்தால் அந்தப் பத்தே கிருமிக்குப் போதும். முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பதால் என்ன பிரயோஜனம்?

ஜெர்மனியில் கீஸ்டாக்ட் என்னும் ஊரில் பைனமான், அபெட்ஸ், சைமன் என்னும் மூவர் 2007இல் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பிளாக் கோபாலிமர். அதாவது, தண்ணீரோடு சேராத பாலிஸ்டைரீன் சங்கிலி ஒன்றும், தண்ணீரோடு சேரக்கூடிய பாலிவினைல்பிரிடீன் சங்கிலி ஒன்றும் நுனியோடு நுனி பிணைந்த பொருள். அதைக் கரைத்து, கண்ணாடிமேல் மெல்லியதாக இழுத்து, சில விநாடி ஆறவிட்டுத் தண்ணீரில் அமிழ்த்தினால், மேற்பரப்பில் தேன்கூடு போல ஒரே அளவான துவாரங்களும், அடியில் பஞ்சு போன்ற பாகமும் உண்டாகின்றன.

இவ்வளவு ஒழுங்காக அடுக்கியது யார் என்று கேட்பார்கள். ஒருவரும் அடுக்கவில்லை என்பதே பதில். இரண்டு சங்கிலிகளும் ஒன்றோடொன்று கலக்க மறுக்கின்றன. பிணைப்பு இருப்பதால் பிரிந்து ஓடவும் முடியவில்லை. ஆகவே கரைசலிலேயே சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டு, நெருக்கம் ஏற ஏற வரிசை பிடிக்கின்றன. தண்ணீர் பட்டதும் அந்த வரிசை அப்படியே உறைந்துவிடுகிறது.

ஆதலால்தான் சவ்வைப் பார்ப்பதற்கு முன் கரைசலைப் பார்க்க வேண்டும் என்கிறோம். மிகவும் நீர்த்திருந்தால் வரிசை அமைவதில்லை. கூழாக இறுகிவிட்டால் மெல்லியதாக இழுக்க வருவதில்லை. இடையிலுள்ள பதத்தைப் பிசுபிசுப்பை அளந்தும், எக்ஸ் கதிர் சிதறும் விதத்தைப் பார்த்தும் கண்டறிகிறார்கள். கரைப்பானை மாற்றினால் பதமும் மாறும். ஆகையால் திரும்பவும் அளக்க வேண்டியதுதான்.

இச்சவ்வினால் நாளைக்கே உலகத்தின் தாகம் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. இந்தப் பாலிமரைச் செய்ய இன்னும் செலவு அதிகம். ஆனால் "கூழையும் பாகையும் ஆராய்வதற்கா பணம்?" என்று பரிகாசம் செய்பவர்களை ஒன்று கேட்கிறோம். காரணம் தெரியாமல் ஒருவன் கையில் தற்செயலாக வந்த சவ்வை மற்றொருவன் மறுபடியும் செய்ய முடியுமா? ராசி அவனோடு போய்விடும். அளந்து எழுதி வைத்த காரணமோ எவன் கைக்கும் வரும். பொதுப் பணம் செலவாக வேண்டிய இடம் அதுவே என்பது நமது அபிப்பிராயம்.