கண்ணாடி காட்டினால் போதுமா?

தரையிலே கரிய விரிப்பு; முதியவர் கண்ணுக்கோ அது படுகுழி! கால் வைக்க அஞ்சுகிறார். பிடிவாதம் என்கிறோம் நாம். இல்லை, டிமென்ஷியா எனும் மறதிநோயின் கொடுமை அது!

இத்தகைய தவிப்பை உணர்த்தவே, 2016-இல் பிரிட்டனின் அல்சைமர்ஸ் ரிசர்ச் யூகே அறக்கட்டளை மெய்நிகர்க் காட்சியொன்றைப் படைத்தது. அட்டைக் கண்ணாடியில் கைப்பேசியைப் பொருத்திப் பார்த்தால், கடையிலே தடுமாற்றம், தெருவிலே பதைப்பு, தேநீர் போடுவதிலே திகைப்பு! பராமரிப்போர் பயிற்சிக்கு ஏற்ற கருவி, வரவேற்கிறோம்.

ஆனால், பரிவைக் கற்பித்துவிட்டு நேரத்தைப் பறிப்பதா? பத்துப் பேருக்கு ஒருத்தியை நிறுத்தி, அரைவயிற்றுக் கூலி தந்து, "அன்பு காட்டு" என்பதா? கண்ணாடியைக் கழற்றியதும் அவள் காண்பது பழைய அவதிதானே!

பயிற்சி தருக, பணியாளருக்கு நேரமும் நல்லூதியமும் தருக! இரண்டையும் கேட்போம், உரக்கக் கேட்போம்!