எங்கள் கிணற்றைச் சித்திரையில் சோதியுங்கள்

எங்கள் முகத்துவாரக்குப்பத்துக்கு முன்னே கடல். பின்னே எண்ணூர்க் கழி. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கிணற்று நீர் தை மாதத்தில் வாயில் வைக்கும்படி இருக்கும். சித்திரையில் சோப்பு நுரைக்காது. "கார்த்திகை மழைக்கு கெணறு தையிலதான்டா இனிக்கும்" என்பார் என் ஆயா. இதை வெறும் பாட்டி மொழி என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதம் சிலர் வந்து புட்டியில் நீர் எடுத்துச் சென்றார்கள். 'உபயோகத்துக்கு ஏற்றது' என்று தாள் வந்தது. தாள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வந்த மாதம்தான் தவறு.

குப்பத்தில் பலரும் உப்புக்கு அமாவாசை ஓதத்தின்மேல் பழி போடுகிறார்கள். நான் இதை ஒப்பவில்லை. சென்னைக் கடலில் பெரும் ஓத நாளிலும் நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். நாளுக்கு இரு முறை ஏறுகிறது, இரு முறை வடிகிறது. மணலுக்குள் சிறிது தூரம் செல்வதற்குள் அந்த அசைவு அடங்கிவிடும். கழி வழியாக ஓதம் உப்பை உள்ளே கொண்டு வருகிறது என்பது உண்மை. கழியோரக் கிணறுகள் அதை அறியும். ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும் உப்புக்கு அது மட்டும் காரணமாகாது.

நிலத்தடியில் நல்ல நீர் உப்பு நீரின்மேல் மிதக்கிறது. ஆயிரம் லிட்டர் நல்ல நீர் 1000 கிலோ என்றால், கடல்நீர் ஏறத்தாழ 1025 கிலோ. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓரடி நின்றால், அதன் கீழே சுமார் 40 அடிக்கு உப்பு அண்டாது என்று கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இரு ஐரோப்பியர் நூறாண்டுக்கு முன்பே கணக்கிட்டார்கள். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி போயிற்று! ஐப்பசி, கார்த்திகை மழை ஊறி நிலத்தடி நீர் உயர்ந்தால் உப்பு கடலை நோக்கி நகரும், கோடையில் திரும்பும். இந்த நகர்வு மெல்ல நடப்பது. அமெரிக்காவில் வாக்வாய்ட் விரிகுடாவை ஆராய்ந்தவர்கள், மழை ஊறும் பருவத்துக்கும் உப்பு நீர் மிகுதியாக வெளியேறும் பருவத்துக்கும் இடையே மாதங்கள் கழிகின்றன என்று 2005இல் எழுதினார்கள். ஆயா அதைப் படித்தவர் அல்லர்.

பருவத்தால் வரும் உப்பு பருவத்தோடு போய்விடும். போகாத உப்பும் உண்டு. எங்களுக்கு வடமேற்கே மீஞ்சூர்ப் பக்கம் 1960களில் ஐ.நா. உதவியுடன் நிலத்தடி நீர் ஆராயப்பட்டு, ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டி, மணலித் தொழிற்சாலைகளுக்கும் நகருக்கும் நீர் இறைக்கப்பட்டது. 1969இல் கடல்நீர் சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்தது. 1983இல் சுமார் 9. வயலுக்கு இறைத்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறைக்கவில்லை. 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் ஆற்று நீரையும் மேலேயே நிறுத்திக்கொண்டது. நிலத்தடி நீரைக் காக்க 1987இல் சட்டம் வந்தது. 2010இல் அதே மீஞ்சூரின் பெயரில், காட்டுப்பள்ளிக் கடற்கரையில், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையும் வந்தது. நல்ல நீரைக் குடித்து முடித்துவிட்டுக் கடலைக் காய்ச்சும் நிலை என்று என் நண்பன் கேலி செய்தான். (காய்ச்சவில்லை, சவ்வு வழியாகப் பிழிகிறார்கள் என்று திருத்தினேன், சிரிப்பு நிற்கவில்லை.)

ஆகவே, குப்பத்துக் கிணறு ஒன்றை ஒரு நாள் சோதித்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது என் கருத்து. சித்திரையில் ஒரு முறையும் தையில் ஒரு முறையும், ஓதம் ஏறும் வேளையா வடியும் வேளையா என்று குறித்துக்கொண்டு, ஆண்டுதோறும் அதே கிணற்றில் நீர் எடுக்க வேண்டும். அப்போதுதான் எது பருவத்தின் உப்பு, எது இறைத்ததால் வந்த உப்பு என்று பிரித்துச் சொல்ல முடியும். தாளைக் காட்டி எங்கள் குடத்துக்கு வரும் லாரித் தண்ணீரைக் குறைக்கவும் முடியாது.

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். நம் வேதியியல் ஆய்வகத்தின் பியூரெட்டும் சில்வர் நைட்ரேட்டும் போதும். துறைத்தலைவர் ஐயா இசைந்தால், வரும் சித்திரையில் பத்துக் கிணறுகளின் நீரை நானே சுமந்து வருகிறேன்.