ஏசி வாங்கப் போறீங்களா? நட்சத்திரத்தை எண்ணாதீங்க, எண்ணைக் கேளுங்க

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

கச்சான் காற்று தொடங்கியதும் ஊரில் ஏசி வியாபாரமும் சூடு பிடித்துவிடும். எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே வசனம்தான்: "அஞ்சு ஸ்டார், இன்வெர்ட்டர், கரண்ட் பில்லே தெரியாது." விலையைக் குறைக்க ஒரு மணித்தியாலம் பேசும் நாம், இந்த வசனத்துக்கு ஆதாரம் கேட்க ஒரு நிமிடம் செலவழிப்பதில்லை. மூன்று மாதம் கழித்து சிவப்பு பில் வந்ததும் மின்சார சபையைத் திட்டுகிறோம்.

தரம் பத்துப் பிள்ளைக்கு வாட்ஸை மணித்தியாலத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யுனிட் என்று சொல்லிக் கொடுக்கிறோம். பரீட்சைக்கு மட்டும்தானா அந்தக் கணக்கு?

ஏசியின் லேபலில் ஒரு எண் இருக்கும். ஈ.ஈ.ஆர். என்றோ எஸ்.ஈ.ஈ.ஆர். என்றோ போட்டிருப்பார்கள். ஒரு வாட் மின்சாரத்தை எடுத்து எத்தனை வாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றுகிறது என்பதே அது. ஈ.ஈ.ஆர். முழு வேகத்தில் ஓடும்போது எடுத்த அளவு. எஸ்.ஈ.ஈ.ஆர். வெயில் கூடிக் குறையும் ஒரு பருவம் முழுவதற்குமான சராசரி. இரண்டிலும் எண் கூடினால் செலவு குறையும். ஆனால் ஒன்றின் ஈ.ஈ.ஆரை மற்றதன் எஸ்.ஈ.ஈ.ஆரோடு ஒப்பிடக் கூடாது.

12,000 பிடியூ ஏசி ஏறத்தாழ 3,500 வாட்ஸ் குளிர்ச்சி தரும். எண் 3.5 என்றால் அதற்கு 1,000 வாட்ஸ் மின்சாரம் வேண்டும். எண் 5 என்றால் 700 வாட்ஸ் போதும். இரவில் 8 மணித்தியாலம், மாதம் 30 நாள். முழு வேகத்தில் ஓடினால் ஒன்று 240 யுனிட், மற்றது 168. அறை குளிர்ந்ததும் வேகம் குறையும், பாதிதான் எடுக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 120க்கு 84.

"36 யுனிட்தானே" என்று சொல்லாதீர்கள். நமது வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60, 90, 120, 180 என்று ஒவ்வொரு படி தாண்டும்போதும் யுனிட்டின் விலை கூடுகிறது, நிலையான கட்டணமும் கூடுகிறது. ஏற்கனவே 90 யுனிட் எடுக்கும் வீட்டில் முதல் ஏசியைப் பூட்டினால் 210. இரண்டாவதைப் பூட்டினால் 174. ஒரு வீடு 180ஐத் தாண்டிவிட்டது, மற்றது தாண்டவில்லை. ஏசி எடுக்கும் யுனிட் எப்போதும் பில்லின் மேல் படியில், விலை கூடிய இடத்தில்தான் போய் உட்காரும்.

இனி நட்சத்திரத்துக்கு வருவோம். இங்கேதான் பெரிய ஏமாற்று.

சீன லேபலில் 1 என்பதுதான் மிகச் சிறந்த தரம், 5 என்பது கடைசி. இந்திய லேபலில் 5 நட்சத்திரம்தான் சிறந்தது. சீன லேபலின் 5ஐக் காட்டி "அஞ்சு ஸ்டார்" என்று யாராவது சொன்னால், வகுப்பில் கடைசிப் பிள்ளையை முதலாம் பிள்ளை என்று சொல்வதற்குச் சமம்.

இந்திய நட்சத்திரத்துக்கும் வயது உண்டு. 2018இல் 4.5க்கு மேல் இருந்தால் ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலையில் அதை 5 ஆக உயர்த்தினார்கள். 4.6 உள்ள அதே ஏசி ஒரே நாளில் நான்கு நட்சத்திரமானது. எனவே லேபலின் ஆண்டைப் பார்க்காமல் நட்சத்திரத்தை எண்ணுவதில் பிரயோசனமில்லை. அந்த லேபலில் போட்டிருக்கும் வருடாந்த யுனிட் கணக்கும் ஆண்டுக்கு 1,600 மணித்தியாலத்துக்கு உரியது. தினமும் 8 மணித்தியாலம் போட்டால் நமக்கு 2,920 மணித்தியாலம் வரும்.

இன்னொன்று. சில லேபலில் எண் 10, 11 என்று இருக்கும். அது பிடியூவில் எழுதியது. 3.412ஆல் வகுத்துப் பாருங்கள், 10.2 என்பது வெறும் 3தான்.

"இன்வெர்ட்டர்" என்ற சொல்லும் தனியே ஒரு உத்தரவாதம் அல்ல. அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்து ஓடும் என்பதுதான் அதன் அர்த்தம். சீற் கூரை வீட்டில், பெரிய அறைக்குச் சின்ன ஏசியைப் பூட்டினால் அது விடிய விடிய முழு வேகத்தில்தான் ஓடும்.

"சேர், எங்கட சம்பளத்துக்கு விலை குறைஞ்சதத்தான் வாங்கலாம்" என்பார்கள். நியாயமான பேச்சு. ஆனால் விலையை ஒருமுறை கட்டுகிறோம், பில்லை மாதாமாதம் கட்டுகிறோம். 36ஐ 12ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 432 யுனிட். உங்கள் கடைசி பில்லில் மேல் படியின் விலையை எடுத்துப் பெருக்குங்கள். பிறகு ஏசி எத்தனை வருடம் பாவிப்பீர்களோ அதனால் பெருக்குங்கள். அந்தத் தொகையையும் சேர்த்துத்தான் எது மலிவு என்று தீர்மானிக்க வேண்டும். மகளுக்கு வீட்டோடு ஏசியும் பூட்டிக் கொடுக்கும் வாப்பாமார் இதை இரண்டு முறை வாசியுங்கள். நீங்கள் மிச்சம் பிடிக்கும் காசை மகள்தான் மாதாமாதம் கட்டப் போகிறாள்.

கடை முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. குறையை மறைத்து விற்பது கூடாது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஒவ்வொரு ஏசிக்கும் பக்கத்தில் அந்த எண்ணையும் வாட்ஸையும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஒரு துண்டுக் கடதாசிதான் செலவு. நல்ல சாமான் விற்பவருக்கு அதனால் நட்டமில்லை.

வாங்கப் போகிறவர்கள் நான்கு கேள்வி கேளுங்கள்: எந்த நாட்டு லேபல்? எந்த ஆண்டு? எண் என்ன, எந்த அளவில்? என் அறைக்கு எத்தனை பிடியூ? நான்குக்கும் பதில் இல்லையென்றால் சலாம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். ஊரில் பத்துப் பேர் இப்படி எழும்பிப் போனால், பதினோராவது ஆளுக்குக் கடைக்காரரே எண்ணைச் சொல்லுவார்.