அடுப்படிக்கு ரிட்டையர்மென்ட் எப்போது?

"பொழுது எப்படிப் போகுது சார்?" ஜோலார்பேட்டை ஸ்டேஷன் பக்கம் நடக்கப் போனால் பழைய சிநேகிதர்கள் கேட்பது இதைத்தான். "சமையல் செய்கிறேன்" என்றால் சிரிக்கிறார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவன் நான். 2022 முதல் அந்தப் பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். என் வாயில் இன்னும் கார்டுதான். லைன் பாக்ஸில் கொடி, கைவிளக்கு, டெட்டனேட்டர். கைப்பையில் அரிசி, பருப்பு, புளி. ஈரோடு ரன்னிங் ரூமில் சமையல்காரரிடம் கொடுத்தால் பொங்கித் தருவார். அவர் கைப்பக்குவம் பிடிக்காதவர்கள் நாங்களே அடுப்பு மூட்டுவோம். டிரைவர் வெங்காயம் உரிப்பார், நான் ரசம் வைப்பேன். ஆம்பூர்க்கார சகா ஒருவர் பிரியாணி கற்றுக் கொடுத்தார். சீரகச் சம்பா அரிசி எவ்வளவோ அவ்வளவு கறி, மிளகாய்த்தூள் கூடாது, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்.

இவ்வளவு தெரிந்த நான் வீட்டில் தண்ணீர்கூட மொண்டு குடித்ததில்லை. நடுராத்திரி கால் பாய் வந்து கதவைத் தட்டினால், எனக்கு முன்னால் எழுந்து கேரியர் கட்டியவள் என் மனைவி.

ரயில்வேயில் 58 ஆக இருந்த ஓய்வு வயதை 1998-ல் 60 ஆக்கினார்கள். எனக்கும் 60-ல் மாலை போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் நான் பேப்பரோடு திண்ணையில், அவள் அடுப்படியில். மூன்று வேளையும் நான் வீட்டுச் சாப்பாடு என்றானதும் அவளுக்கு வேலை கூடித்தான் போயிற்று. ஒருநாள் முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "உங்களுக்கு ரிட்டையர்மென்ட் ஆயிடுச்சு. எனக்கு எப்பங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து ராத்திரி சமையல் என் டியூட்டி. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியும்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு ஹாபி வேண்டும் என்கிறார்கள். செடி வளருங்கள், ஏலகிரி ஏறுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுப்படியையும் கொஞ்சம் பாருங்கள். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெண்கள்தான் அதிகம். விடியுமுன் சமைத்துவிட்டு, கம்பெனி பஸ் பிடித்து, நாளெல்லாம் வேலை பார்த்து, பொழுது சாய்ந்து வந்தால் மறுபடியும் அடுப்பு. அந்த வீடுகளிலும் ரிட்டையரான மாமனார் "காபி ஆச்சாம்மா?" என்று உட்கார்ந்திருப்பார். ஒரு உலை வைக்க அவருக்குக் கை வராதா?

"ஆம்பிளை கரண்டி பிடிக்கிறதா?" என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கல்யாண வீட்டில் பிரியாணி தேக்சா பக்கத்தில் நிற்பவர் யார்? ஊருக்குப் பொங்கினால் கௌரவம், பெண்டாட்டிக்குப் பொங்கினால் குறைச்சலா?

சர்வீஸ் முடிய இரண்டு வருஷம் இருக்கும்போதே ரசம் வைக்கப் பழகிவிடுங்கள். நேற்று என் ரசத்தில் உப்பு தூக்கல் என்றாள். சொல்லட்டும். முப்பத்தைந்து வருஷமாக நான் அவளிடம் சொன்னதுதானே.