துப்பாக்கிக்கு 200 டாலர், முறுக்குக்கு 60 வெள்ளி

பாயான் பாருவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் சமையலறைதான் அம்மாவின் முறுக்குத் தொழிற்சாலை. மின்னணுத் தொழிற்சாலையில் வேலை போன பிறகு, தீபாவளிக்கு மட்டும் சுட்டு விற்றவர் ஆண்டு முழுவதும் சுடத் தொடங்கினார். ஒரு நாள் மளிகைக் கடைக்காரர் ஒருவர், பதிவுப் பத்திரம் இருந்தால் வாரம் 50 பாக்கெட் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அம்மா என்னைக் கேட்டார்: "ஏம்மா, முறுக்குச் சுடவும் லெசென் வேணுமா?"

அதே பருவத்தில்தான் வகுப்பில் எனக்கு ஒரு விசித்திரமான தலைப்பு கிடைத்தது: அமெரிக்காவில் வீட்டிலிருந்தே துப்பாக்கி விற்பவர்கள் கட்டும் உரிமக் கட்டணம். தோழிகள் சிரித்தார்கள். படிக்கப் படிக்க, அது அம்மாவின் கேள்விக்கே பதில் சொல்வதுபோல் இருந்தது.

1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே துப்பாக்கி விற்பனையாளர் கட்டியது ஆண்டுக்கு 10 டாலர். சாப்பாட்டு மேசையில் வைத்து விற்பவர்கள் பெருகினர். 1990களின் தொடக்கத்தில் உரிமம் பெற்ற விற்பனையாளர்கள் ஏறக்குறைய 2 லட்சத்து 45 ஆயிரம் பேர். 1993இல் கட்டணம் முதல் மூன்றாண்டுகளுக்கு 200 டாலர், அதன் பின் மூன்றாண்டுக்கு ஒருமுறை 90 டாலர் என்று உயர்ந்தது. 1994இல் கைரேகையும் புகைப்படமும் கட்டாயமாயின. உள்ளூர் விதிகளுக்கு உட்பட்டுத் தொழில் செய்வதாக உறுதிமொழியும் தரவேண்டியதாயிற்று. 2005க்குள் அந்த எண்ணிக்கை 60 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது.

200 டாலர், நம் பணத்தில் ஆயிரம் வெள்ளிக்குள். பல துப்பாக்கிகளின் விலைக்கே அது போதாது. பலரை விலகச் செய்ததில் கட்டணத்தைவிடக் கைரேகைக்கும் முகவரிச் சோதனைக்கும்தான் பங்கு அதிகம் என்பது என் கருத்து. ஆனால் அங்கும் ஓர் ஓட்டை உண்டு. தொழிலாகச் செய்யாமல் எப்போதாவது விற்பவருக்கு மத்தியச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. அதாவது, வாசலுக்கு வந்து கதவைத் தட்டியவரை மட்டுமே உரிமம் கட்டுப்படுத்துகிறது.

நம் நாட்டில் துப்பாக்கி வணிகம் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ், காவல்துறை உரிமத்தோடுதான் நடக்க முடியும். சட்டவிரோதமாகக் கடத்தினால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் மரண தண்டனை வரை செல்லும். இந்தக் கண்டிப்பை நான் வரவேற்கிறேன். ஆபத்தான பொருளுக்குக் கதவு குறுகலாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் முறுக்குக்கு? சொந்தப் பெயரில் தொழிலைப் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. உணவைக் கையாள்வோருக்கான பயிற்சியும் தைபாய்டு ஊசியும் தனி. "அறுபது வெள்ளின்னா நாலு வெள்ளி பாக்கெட் பதினைஞ்சு விக்கணும்," என்று அம்மா கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு அவரைத் தடுக்கவில்லை. தடுத்தது போராங். மலாய் மொழியில் இருந்த அந்தத் தாளைப் பார்த்ததும் அவர் கை பின்வாங்கியது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் தேசிய இடைநிலைப்பள்ளியில் பிற ஆண்டுகளும் படித்த எனக்கு அது அரை மணி நேர வேலை.

அம்மாவின் அச்சத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. 1976ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு, கொடுத்த உரிமத்தை எந்நேரமும், காரணம் எதுவும் கூறாமல் மீட்டுக்கொள்ள உள்ளூராட்சி மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இழப்பீடும் கிடையாது. அமெரிக்காவில் துப்பாக்கி விற்பவரின் உரிமத்தைப் பறிக்க எழுத்து மூலம் காரணம் சொல்ல வேண்டும். அவர் விசாரணை கேட்கலாம், நீதிமன்றம் செல்லலாம். துப்பாக்கி விற்பவருக்கு அங்கே உள்ள அந்த உரிமையை முறுக்கு விற்பவருக்கு இங்கே சட்டம் எழுதி வைக்கவில்லை என்றால், அதை மாற்றக் கேட்பது தவறா?

"எதற்கு வம்பு, பதியாமலே விற்றால் என்ன?" என்று நம்மில் பலர் கேட்பார்கள். பதியாதவருக்குப் பெரிய கடை கதவைத் திறக்காது. வங்கி கடன் தராது. உண்பவருக்கும் யாரிடம் முறையிடுவது என்று தெரியாது. கட்டணம் சிறியதாக இருக்கட்டும், சோதனை பொருளின் ஆபத்துக்கு ஏற்ப இருக்கட்டும், பறிக்கும்போது காரணம் சொல்லட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

மாணவ நண்பர்களே, சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. போராங் நிரப்புவது நம்மால் முடியும். தீபாவளிக்கு முந்திய மாதம், நம் கழகம் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போட்டு உட்காரட்டும். நம் அம்மாக்களும் அத்தைகளும் வரட்டும். என் அம்மாவின் பதிவுப் பத்திரம் இன்று எங்கள் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. அதன் கீழே வாரம் 50 பாக்கெட் முறுக்கு வேகிறது.